பழைய பாக்ஸர்கள் சொல்லும் கதைகளில் எதை நம்பலாம்?

உங்கள் தாத்தா எழுபதுகளில் ராயபுரம் பக்கம் பாக்சிங் ஆடியவர். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கூட்டாளிகள் நாலைந்து பேர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தக் காலத்தைப் பேசுகிறார்கள். ஒரே சண்டையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. "பதிவு செய்து வைக்க ஆசை, பொய்யைப் பதிவு செய்துவிடுவேனோ என்று பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, வாய்ப்பேச்சாக மட்டும் மிஞ்சியிருக்கும் ஒன்றை எப்படிக் கேட்பது, அதில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை ஓரமாக வைப்பது என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் அமெச்சூர் பாக்சிங் ஆடி, பிறகு பயிற்சியாளராகவும் நடுவராகவும் பல வருடம் இருந்தவன். வரலாறு படித்தவன் இல்லை, டாக்டரும் இல்லை. பழைய ஆட்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பழக்கம் மட்டும் உண்டு. கேட்டுக் கேட்டு எனக்குப் பட்டது இது: ஒரு பழைய பாக்ஸர் தன் வெற்றி தோல்வியைப் பற்றிச் சொல்வதைவிட, தன் உடம்பையும் பழக்கத்தையும் பற்றிச் சொல்வது நம்பகமானது. யார் ஜெயித்தார் என்பதில் அவருடைய மானமும் அவருடைய வாத்தியார் வழிப் பரம்பரையின் மானமும் இருக்கிறது. கையில் எப்படித் துணி சுற்றினார் என்பதில் கூட்டியோ குறைத்தோ சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில், சந்தேகம் வேண்டாத பகுதி. கையுறை போட்டு ஆடும் இந்த ஆட்டம் சென்னைக்கு ஆங்கிலேயப் பட்டாளத்தோடும் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்காரர்களோடும் வந்தது. இங்கே ஏற்கெனவே குத்துவரிசையும் சிலம்பமும் இருந்ததால், அடிக்கிற கைக்குப் பஞ்சமில்லை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரியமேடு என்று வட சென்னை முழுக்க இது பரவியது. ஆடியவர்கள் மீனவர்கள், துறைமுகக் கூலிகள், ரயில்வே தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள். 1876லும் 1881லும் தொடங்கிய பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள், நாம் பின்னி மில் என்று சொல்வது, பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் உருவானது. ஷிப்ட் முடிந்து வந்து இருட்டுகிற நேரத்தில் பயிற்சி எடுத்ததாகப் பெரியவர்கள் சொன்னால், அதற்குப் பின்னால் இந்த வேலை நேரம் இருக்கிறது.

பரம்பரைகளும் அப்படித்தான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்ற பெயர்களை எந்தப் பழைய பாக்ஸரும் சொல்வார். இது ரத்த வழி கிடையாது, வாத்தியார் வழி. யாரிடம் கற்றாயோ அவருடைய பரம்பரை நீ. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லோரும் ஒரே வாத்தியாரின் கீழ் இருந்திருக்கிறார்கள். அதற்காகச் சாதியே இல்லாத சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பேட்டை, தொழில், சாதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஊர் இது. "எங்களுக்குள்ள அதெல்லாம் கிடையாது தம்பி" என்று ஒரு பெரியவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யாருக்கு யார் பெண் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். விவரம் அங்கே வரும்.

இனி கொஞ்சம் வழுக்குகிற இடம். கித்தேரி முத்து கதையை உங்கள் தாத்தா நிச்சயம் சொல்லியிருப்பார். சார்பட்டா பரம்பரைக்காரர். நாற்பதுகளில் டெர்ரி என்ற வீரரை வீழ்த்தியவர், அதற்காகப் பெரியார் அவரைத் திராவிட வீரன் என்று பாராட்டினார் என்பது வட சென்னை முழுக்க வழங்கும் கதை. முத்து என்ற பெரிய வீரர் இருந்தார், டெர்ரியோடு ஆடினார், அந்த ஆட்டம் பேட்டையையே கிறுகிறுக்க வைத்தது என்பது வரை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் ஆளுக்கொரு கதை. டெர்ரி சிலர் வாயில் ஆங்கிலோ இந்தியர், சிலர் வாயில் அசல் வெள்ளைக்காரர். எத்தனையாவது ரவுண்டு, எந்தக் கை என்பதெல்லாம் சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது. உங்கள் தாத்தா அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க வயது போதாது. அவர் சொல்வது அவருடைய வாத்தியார் சொன்னது. அதனால் பதிவில் "தாத்தா பார்த்தது", "தாத்தா கேட்டது" என்று பிரித்து எழுதிவிடுங்கள். இந்த ஒரு பிரிவே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

தேதிக் குழப்பத்துக்கு ஒரு நல்ல உதாரணம் முகமது அலி வந்தது. அந்தத் தலைமுறை முழுவதும் இதைப் பற்றிப் பேசும். எழுபத்தெட்டு என்பார் ஒருவர், எண்பத்திரண்டு என்பார் இன்னொருவர். அலி வந்தது 1980 தொடக்கத்தில். அந்த ஜனவரி 27 அன்று டெல்லியில் இந்திய ஹெவிவெயிட் வீரர் கவுர் சிங்கோடு காட்சிப் போட்டி ஆடினார். இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசச் சொல்லி அமெரிக்க அதிபர் கார்ட்டரின் கோரிக்கை வந்தது, அவர் தான்சானியாவுக்குப் போனார். சென்னையில் நேரு ஸ்டேடியத்தில் தன் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு ஆடிக் காட்டினார். எல்லிஸ் சும்மா துணைக்கு வந்த ஆள் இல்லை, அவரே முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன், 1971இல் ஹூஸ்டனில் அலியிடம் தோற்றவர். எம்.ஜி.ஆர் அப்போது முதல்வர். உள்ளூர் வீரர் ராக்கி பிராஸ் அலியோடு ரிங்கில் இறங்கியதும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது.

இப்போது யாராவது "நானும் அலியோட ரெண்டு ரவுண்டு ஆடினேன்" என்றால் சிரிக்காதீர்கள், மறுக்கவும் வேண்டாம். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், டிக்கெட் என்ன விலை, யாரோடு போனீர்கள், திரும்பி வர பஸ் கிடைத்ததா என்று கேளுங்கள். உண்மையில் அங்கே இருந்தவருக்கு இதெல்லாம் கையோடு வரும். கூட்டத்தில் இருந்தவர், வருஷங்கள் போகப் போக, மனசுக்குள் ரிங்குக்கே போய்விடுவது சகஜம். இடம் காட்டச் சொன்னால் இன்னொரு குழப்பமும் வரும். இப்போது நிற்கும் நேரு ஸ்டேடியம் 1993இல் திறந்தது, அலி ஆடியது அதற்கு முன்பு அதே பெயரில் இருந்த பழைய மைதானத்தில். பெரியவரை அங்கே கூட்டிப்போய் நிறுத்தினால் அவர் திசை தெரியாமல் நிற்பார். அதை வைத்து அவர் புளுகுகிறார் என்று முடிவு கட்டக் கூடாது.

நாக் அவுட் கதைகளைப் பற்றி, ரிங் அருகே நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நினைவு தப்பும் அளவுக்கு அடி வாங்கியவருக்குப் பெரும்பாலும் அந்த அடி ஞாபகம் இருக்காது. தலையில் பலமாக அடி விழும்போது அதற்குச் சற்று முன்பு நடந்ததும், பின்பு நடந்ததும் மூளையில் பதியாமல் போகும். நானே பார்த்திருக்கிறேன்: ஒரு பையன் விழுந்து எழுந்து, நடந்து கார்னருக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கிளவுஸ் கழற்றுகிற வரை ஒழுங்காகப் பதில் சொன்னான். கால் மணி நேரம் கழித்து, "என் சண்டை எப்பண்ணா?" என்று கேட்டான். ஆகவே ஒருவர் தான் விழுந்த குத்தை, அது இடது ஹூக், தாடைக்குக் கீழே, கயிற்றோரம் என்று படம் வரைந்த மாதிரி விவரித்தால், அது அநேகமாக அவருக்குப் பிறகு யாரோ சொன்னது. பெரும்பாலும் கார்னரில் நின்று ரவுண்டுக்கு நடுவே உதவும் ஆளோ (செகண்ட் என்போம்) வாத்தியாரோ சொல்லியிருப்பார். பொய் கிடையாது, ஆனால் அவர் கண்ட சாட்சியும் கிடையாது. தான் அடித்து வீழ்த்திய ஆட்டத்தைப் பற்றி அவர் சொல்வது வேறு, அங்கே அவர் தெளிவோடு இருந்தார்.

"நூறு சண்டை ஆடினேன், ஒன்றிலும் தோற்கவில்லை" என்பதற்கும் வழி இருக்கிறது. அந்த நூறில் எதெல்லாம் சேர்த்தி என்று பாருங்கள். டிக்கெட் போட்டு நடந்த புரொஃபஷனல் ஆட்டம் ஒன்று, அமெச்சூர் போட்டி ஒன்று, திருவிழாவிலோ கட்சிப் பொதுக்கூட்டத்திலோ நடந்த காட்சிச் சண்டை ஒன்று, பயிற்சிக் கூடத்தில் ஆளோடு ஆள் மோதிய ஸ்பாரிங் ஒன்று. பேச்சில் நான்கும் "சண்டை"தான். பிரிக்க நேராகக் கேட்டால் கோபம் வரும். பனியன் போட்டு ஆடினீர்களா, வெறும் உடம்பா என்று கேளுங்கள். அமெச்சூர் என்றால் பனியன் உண்டு, புரொஃபஷனல் என்றால் வெறும் உடம்பு. எத்தனை ரவுண்டு? மூன்றோடு முடிந்ததென்றால் அநேகமாக அமெச்சூர், ஆறு, எட்டு, பத்து என்று போனால் காசுக்கு ஆடியது. தலைக்கவசம் இருந்ததா? அமெச்சூர் போட்டிகளில் அது கட்டாயமானது 1984 ஒலிம்பிக் வாக்கில், ஆண்களுக்கு 2013இல் எடுத்துவிட்டார்கள். எழுபதுகளின் போட்டியைச் சொல்லும்போது தலைக்கவசம் வந்தால், அது பயிற்சிக் கூட நினைவு, அல்லது பேரனின் போட்டியைப் பார்த்த நினைவு உள்ளே கலந்தது.

தோல்வியே இல்லை என்பதைப் பற்றி: பாயிண்ட் முடிவில் தோற்றவர்கள் யாரும் தோற்றதாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. "ரெஃப்ரி அவனுங்க ஆளு" என்பார்கள். நடுவராக இருந்தவன் சொல்கிறேன், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், ரிங் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்த நடுவர்கள் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸை எல்லோர் கண் முன்னாலும் தோற்கடித்தார்கள். உலகமே பார்த்த இடத்தில் அது நடக்கும்போது, பேட்டைக்குள் நடக்காதா?

நம்பகமானவை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். காசிமேட்டில் ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியவர், எதிராளிகளின் பெயரையெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கை கட்டுவதைக் காட்டுங்கள் ஐயா என்றேன். தோளில் கிடந்த துண்டை நீளவாக்கில் மடித்து, கட்டை விரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்கில் விட்டு எடுத்து, முட்டி மேல் மூன்று மடிப்பு வைத்து, பல்லால் இழுத்து முடிந்தார். இத்தனையும் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே. பேண்டேஜ் வாங்கக் காசில்லாதபோது அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியதையும், கிளவுஸில் அடைத்த குதிரை முடி வியர்வையில் ஊறிக் காய்ந்து ஓரமாக ஒதுங்கிப்போய், கடைசியில் முட்டி மேல் வெறும் தோல்தான் இருக்கும் என்பதையும் சொன்னார். பழைய கிளவுஸைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அது அப்படியேதான். சிலர் வேண்டுமென்றே அழுத்தி ஒதுக்குவார்கள், அடி கூர்மையாக விழ. இந்த ஐந்து நிமிடம், அவர் ஒரு மணி நேரம் சொன்ன சாம்பியன் கதைகளைவிட எனக்குப் பெரிது. ஆகவே வீடியோ எடுங்கள், ஆடியோ மட்டும் போதாது. காலை எப்படி வைப்பார், எதிராளி உள்ளே வந்தால் தோளை எப்படித் திருப்புவார் என்று எழுந்து நின்று காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒரு பாணி உண்டு என்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை, நாலைந்து பேரின் கால் வைப்பை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், பேச்சில் தெரியாது.

இன்னொரு கலப்படத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2021இல் இந்த உலகத்தை வைத்து 'சார்பட்டா பரம்பரை' என்று ஒரு படம் வந்தது. நல்லதுதான், பெரியவர்களுக்கு மரியாதை கூடியது, பேட்டி எடுக்க ஆட்கள் தேடி வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கேட்கும் கதைகளில் படத்தின் வசனமும் காட்சியும் ஏறிவிட்டன. எமர்ஜென்சி நேரத்தில் போலீஸ் ரிங்குக்குள் புகுந்தது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது வரலாறு, பாக்ஸர்களில் பலர் கட்சிக்காரர்களாக இருந்ததும் உண்மை. ஆனால் குறிப்பிட்ட அந்தக் காட்சி அவர் கண்ணால் பார்த்ததா, திரையில் பார்த்ததா என்பதை அவராலேயே பிரிக்க முடியாமல் போயிருக்கலாம். படம் வருவதற்கு முன்பே தாத்தா இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களா என்று பாட்டியிடம், அப்பாவிடம், அத்தையிடம் கேளுங்கள். வீட்டுப் பெண்கள் நல்ல சாட்சிகள். எந்தச் சண்டைக்குப் பிறகு எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எந்த மாதம் வளையலை அடகு வைத்தோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாம் ஏன் நின்றுபோனது என்று கேட்டால், "கவர்மென்ட் தடை போட்டுருச்சு" என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். போட்டி முடிந்து வெளியே பேட்டைக்குப் பேட்டை அடிதடி ஆனதும், போலீஸ் அனுமதி கிடைப்பது கடினமானதும் அதில் ஒரு பங்கு. என் கணக்கில் அதைவிடப் பெரியது வேலை. அமெச்சூர் பக்கம் போனால் ரயில்வேயிலோ பட்டாளத்திலோ நிரந்தர வேலை கிடைக்கும் என்று ஆனபோது, பாயிண்ட் எடுத்து சர்டிபிகேட் வாங்குவதே பையன்களுக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. பாக்ஸர் தேவராஜன் 1994இல் பாங்காக் பாக்சிங் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது அந்தப் பாதையில் வந்ததுதான். 1996இல் பின்னி மில் மூடியது. அதற்கு முன்பே 1983இன் கிரிக்கெட் உலகக் கோப்பை தெருவுக்குத் தெரு மட்டையைக் கொண்டுவந்துவிட்டது. சிலர் அரசியல்வாதிகளுக்கு அடியாளாகப் போனார்கள், சிலர் குடியில் விழுந்தார்கள். இதையும் பதிவில் வையுங்கள். ஆனால் பெயர் போட்டு வேண்டாம், பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தாத்தா "சில சமயம் சொன்னதையே சொல்கிறார், கை நடுங்குகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தலையில் பல வருடம் அடி வாங்கியவர்களுக்கு வரும் கோளாறை 1928லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். நடை தள்ளாட்டம், நாக்குக் குழறல், ஞாபக மறதி, திடீர்க் கோபம் என்று வரும். நம் வீடுகளில் இதைக் குடி என்றோ வயசு என்றோ சொல்லி விட்டுவிடுகிறார்கள். வயதாலும் இருக்கலாம், பார்க்கின்சனாகவும் இருக்கலாம், அதைச் சொல்ல நான் ஆள் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது எத்தனை வருடம் ஆடினார், எத்தனை முறை நினைவு தப்பியது என்று எழுதி எடுத்துப் போங்கள், டாக்டர் அதைக் கேட்பார். உங்கள் பதிவுக்கும் இது முக்கியம். கதை மாறுவதற்குக் காரணம் பெருமையாக இல்லாமல் நோயாக இருந்தால், குறுக்கு விசாரணை செய்வது பாவம்.

பதிவு செய்யும்போது முதலில் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டாக வைத்துக் கேட்பது அப்புறம். கூட்டத்தில் குரல் பெரியவர் சொல்வதே எல்லோருக்கும் நினைவாகிவிடும். ஓரமாக உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பவரைத் தனியாகப் பிடியுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு எழுதும் வேலை உங்களுடையது இல்லை. அப்புறம் ஆண்டும் மாதமும் ஓரளவு தெரிந்த ஒன்றிரண்டு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டுங்கள். தமிழோடு ஆங்கில நாளிதழ்களையும் பாருங்கள், மாலைப் பத்திரிகையான தி மெயில் உட்பட. தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரியுங்கள். போட்டிக்கு மறுநாள் இதழை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், முந்தைய வாரத்து விளம்பரத்தில்தான் யாருக்கும் யாருக்கும் ஆட்டம், எத்தனை ரவுண்டு, டிக்கெட் என்ன விலை என்று இருக்கும். போட்டோக்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் அப்படியே மொபைலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் யார் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள். பேட்டிகூட அடுத்த மாதம் எடுக்கலாம். போட்டோவில் நிற்பவர்களின் பெயரைச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே போகிறது.